சீறி வருவதும் சத்தமில்லாமல் வருவதும்

1874 ஏப்ரல். லண்டனில் ஓர் அறையில், ஆப்பிரிக்காவில் முந்தைய ஆண்டு இறந்துபோன ஒருவரின் உடலை மருத்துவர்கள் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கூட இருந்தவர்கள் அந்த உடலை உப்பிட்டு, வெயிலில் உலர்த்தி, மரப்பட்டையில் சுற்றி, மாதக்கணக்கில் நடந்து கடற்கரைக்குச் சுமந்து வந்திருந்தார்கள். முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல வழியில்லை. வில்லியம் ஃபெர்குசன் என்ற அறுவை மருத்துவர் இடது மேற்கையைப் பரிசோதித்தார். எலும்பு எப்போதோ முறிந்து, சரியாகக் கூடாமல், மூட்டே இருக்கக்கூடாத இடத்தில் ஒரு பொய்மூட்டு உருவாகியிருந்தது. ஆப்பிரிக்காவில் பயணம் செய்த ஸ்காட்லாந்து மதபோதகர் டேவிட் லிவிங்ஸ்டன்தான் என்பது அதில் உறுதியானது. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சிங்கம் கடித்த இடம் அது.

அது நடந்தது 1844இல், இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருக்கும் மபோட்சாவில். சிங்கங்கள் ஊர் மாடுகளை அடித்துக்கொண்டிருந்தன. லிவிங்ஸ்டன் ஒரு சிங்கத்தின்மேல் துப்பாக்கியின் இரண்டு குழல்களையும் சுட்டுவிட்டு, மறுபடி மருந்து கெட்டித்துக்கொண்டிருந்தபோது அது பாய்ந்து தோளைக் கவ்வியது. காதுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டே அவரை உலுக்கியது. மெபால்வே என்ற உள்ளூர் ஆசிரியர் அதைச் சுட முயன்றார், குண்டு வெடிக்கவில்லை. சிங்கம் லிவிங்ஸ்டனை விட்டுவிட்டு மெபால்வேயின் தொடையைக் கடித்தது. இன்னொருவர் ஈட்டியோடு வந்தார். சிங்கம் அவர் தோளில் பாய்ந்தது. அதற்குள் முதலில் வாங்கிய குண்டுகள் வேலை செய்ய, அங்கேயே விழுந்து செத்தது. லிவிங்ஸ்டனின் கையில் 11 பல் காயங்கள்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அவரே எழுதி வைத்தது. உலுக்கலுக்குப் பிறகு ஒரு கனவு மாதிரி இருந்ததாம். வலி இல்லை, பயம் இல்லை, ஆனால் நடப்பதெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இது மிகைப்படுத்தல் இல்லை. விலங்குகளிடம் சிக்கிப் பிழைத்த பலர் இதையேதான் சொல்கிறார்கள். நடுமூளைக்குள் ஒரு மெல்லிய கால்வாய் ஓடுகிறது; அதைச் சுற்றிச் சாம்பல் நிறத் திசு ஒன்று இருக்கிறது. உயிருக்கே ஆபத்து என்றால் அங்கிருந்து தண்டுவடத்துக்குக் கட்டளை போகிறது. உடலே தயாரிக்கும் அபின் போன்ற பொருட்கள் சுரந்து, மேலே ஏறி வரும் வலிச் செய்திகளை வழியிலேயே தடுக்கின்றன. வலிக்கும் காலை நக்கிக்கொண்டு நிற்க நேரமில்லாத கணத்துக்காக உருவான ஏற்பாடு இது.

இரண்டாவது விஷயம், சிங்கம் நடந்துகொண்ட விதம். அது யாரையும் தின்ன முயலவில்லை. தன்னைக் காயப்படுத்தியவரை, அப்புறம் அடுத்து ஆயுதம் எடுத்தவரை, அப்புறம் அதற்கடுத்தவரை என்று ஒவ்வொருவராகத் தாக்கியது. உறுமிக்கொண்டே தாக்கியது. இந்த உறுமல்தான் இந்தக் கட்டுரையின் மையம்.

பசியில் தாக்கும் விலங்கு உறுமாது. சரி, ஏன்?

1962இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபிளினும் அவரோடு வேலை செய்தவரும் பூனைகளின் மூளையில் மெல்லிய மின்முனைகளை வைத்துச் சோதனை செய்தார்கள். இடம், ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி. அதன் உட்புறம் மின்சாரம் பட்டால் பூனைக்கு முடி சிலிர்த்தது, முதுகு வளைந்தது, சீறியது, நகத்தால் அறைந்தது. பக்கத்தில் விட்ட எலியைச் சட்டை செய்யாமல் சோதனை செய்பவர்மீதே பாய்ந்ததும் உண்டு. சற்றுத் தள்ளி வெளிப்புறம் மின்சாரம் பட்டபோது அதே பூனை முற்றிலும் வேறு விதமாக நடந்தது. சத்தமே இல்லை. தலையைத் தாழ்த்தி, எலியை நோக்கி நேராகப் போய், கழுத்தைக் கவ்வியது.

ஒரே விலங்கு, ஒரே பல், ஒரே நகம். ஆனால் இரண்டு தனித்தனிச் சுற்றுகள். ஒன்று தற்காப்பு, மற்றது வேட்டை. தற்காப்புச் சுற்றின் குறிக்கோள் எதிரே இருப்பதை விரட்டுவது. அதனால் அது எதையும் ஒளிக்காது. வேட்டைச் சுற்றின் குறிக்கோள் உணவு. உணவை முன்கூட்டியே எச்சரித்தால் அது ஓடிவிடும். பூனையின் சீற்றத்தை ஒருங்கிணைக்கும் இடங்களில் முக்கியமானது, சற்று முன் சொன்ன அதே நடுமூளைச் சாம்பல் திசு. மபோட்சாவில் உறுமிய சிங்கத்துக்குள்ளும், அதன் வாயில் வலியில்லாமல் தொங்கிய மனிதருக்குள்ளும் அந்த நேரத்தில் வேலை செய்தது மூளையின் ஒரே பகுதியாக இருக்கலாம். இதைப் படித்த நாளிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை.

இந்த வேறுபாட்டில் உயிர்போகும் விஷயம் அடங்கியிருக்கிறது. யானை காதை விரித்து, பிளிறி, மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஓடி வந்தால் பெரும்பாலும் அது மிரட்டல், பாதியில் நிற்கும். துதிக்கையை உள்ளே சுருட்டி, காதைப் பின்னால் ஒட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் வரும் யானைதான் நிற்காதது. அது தின்னப் போவதில்லை என்றாலும் எச்சரிக்கைக் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

கரடியிடம் இது இன்னும் தெளிவு. வட அமெரிக்கப் பழுப்புக் கரடியான கிரிஸ்லியின் தாக்குதல்கள் பெரும்பாலும் தற்காப்புதான். குட்டியோடு இருக்கும் தாயின் எதிரே ஒருவர் திடீரென்று போய் நின்றுவிடுவார்; அது மூச்சைச் சீறி, பல்லை நெறித்து, பாய்ந்துவிடும். அந்த நிலையில் குப்புறப் படுத்து, கைகளைக் கழுத்தின் பின்னால் கோத்துக்கொண்டு அசையாமல் இருக்கச் சொல்கிறார்கள். ஆபத்து தீர்ந்தது என்று கரடிக்குப் பட்டால் அது போய்விடும். அமெரிக்கக் கருங்கரடி உருவத்தில் சிறியது, மனிதரைக் கண்டால் ஓடுவதே வழக்கம். ஆனால் ஸ்டீஃபன் ஹெரேரோ குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. 1900 முதல் 2009 வரை வட அமெரிக்காவில் காட்டுக் கருங்கரடிகளால் 63 பேர் இறந்திருந்தார்கள். அந்தச் சம்பவங்களில் 88 சதவீதம் வேட்டை. அப்படி வேட்டையாடியவற்றில் 92 சதவீதம் ஆண் கரடிகள். அதாவது கொன்றவை பெரும்பாலும் குட்டியைக் காக்கும் தாய்கள் அல்ல. சத்தமில்லாமல் பின்தொடர்ந்து வந்த தனி ஆண்கள். அப்படி வரும் கரடியின் முன் செத்தது போலப் படுத்தால், அதன் வேலையை நாமே முடித்துக்கொடுப்பதாகும். நின்று கத்தி, கையில் கிடைத்ததை எடுத்து மூக்கிலும் கண்ணிலும் அடிக்க வேண்டும். மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் கரடி ஸ்ப்ரே இரண்டு வகைக்கும் உதவும். அலாஸ்காவில் அதைப் பயன்படுத்திய சம்பவங்களை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வில், பழுப்புக் கரடிகளிடம் அது 92 சதவீதம் பலித்திருந்தது.

சரி, வேட்டைக்கு வருவோம். சிங்கம், புலி போன்ற பெரும் பூனைகளுக்கு மனிதன் வழக்கமான இரை அல்ல. நிமிர்ந்து நிற்கும் இரண்டு கால் உருவம் அவற்றின் மனதில் இருக்கும் இரை வடிவத்தோடு பொருந்துவதில்லை. பிறகு எது அவற்றை மாற்றுகிறது?

1898இல் கென்யாவின் சாவோ ஆற்றின் மேல் ரயில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலையாட்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள். பிடரி மயிர் இல்லாத இரண்டு ஆண் சிங்கங்கள் மார்ச் முதல் டிசம்பர் வரை இரவில் கூடாரங்களுக்குள் புகுந்து ஆட்களை இழுத்துப் போயின. முள்வேலி போட்டார்கள், தீ மூட்டினார்கள், எதுவும் பலிக்கவில்லை. ஒரு கட்டத்தில் வேலையையே நிறுத்திவிட்டு நூற்றுக்கணக்கானோர் ரயிலேறிப் போய்விட்டார்கள். பொறியாளர் ஜான் பேட்டர்சன் டிசம்பரில் இரண்டையும் சுட்டார். இறந்தவர்கள் 135 பேர் என்று பிற்காலத்தில் அவர் எழுதினார். ரயில்வே கணக்கு 28.

அந்தத் தோல்களும் மண்டையோடுகளும் இன்று சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எந்த உணவைத் தின்றாலும் அதன் கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின்) விகிதம் எலும்பிலும் முடியிலும் பதிந்துவிடும். எலும்பு வருடக்கணக்கான சாப்பாட்டைச் சொல்லும். முடி கடைசிச் சில மாதங்களைச் சொல்லும். 2009இல் இப்படிக் கணக்கிட்டதில் இரண்டும் சேர்ந்து சுமார் 35 பேரைத் தின்றிருக்கலாம் என்று வந்தது. அதில் 24 பேர் அளவுக்கு ஒரே சிங்கத்தின் பங்கு. அந்தச் சிங்கத்தின் மண்டையோட்டைப் பார்த்தால் கீழ்த்தாடைக் கோரைப்பல் ஒன்று உடைந்திருக்கிறது. வேர் நுனியில் சீழ் கட்டியிருந்த தடம் தெரிகிறது.

பல்வலி வந்தவர்களுக்கு இது புரியும். சிங்கம் எருமையையோ வரிக்குதிரையையோ கொல்வது ஒரே அடியில் அல்ல. தொண்டையையோ மூக்கையோ கவ்வி, மூச்சு நிற்கும் வரை நிமிஷக்கணக்கில் விடாமல் பிடிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள விலங்கு அத்தனை நேரமும் திமிறும். அந்தத் திமிறல் முழுவதும் கோரைப்பற்களில்தான் இறங்குகிறது. வேரில் சீழ் வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. தூங்கும் மனிதனுக்கு வேகமும் இல்லை, கொம்பும் இல்லை, தடித்த தோலும் இல்லை. பல் தேய்மானத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. பட்டினியில் எலும்பை நொறுக்கித் தின்ற தேய்மானம் அந்தப் பற்களில் இல்லை. அவை மென்மையான உணவைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன.

எல்லாப் பழியையும் ஒரு பல்லின்மேல் போட முடியாது. இன்னொரு சிங்கத்துக்கு அவ்வளவு பெரிய காயம் இல்லையே? 1890களில் வெக்கை நோய் கிழக்கு ஆப்பிரிக்காவின் மாடுகளையும் காட்டெருமைகளையும் வாரிக்கொண்டு போயிருந்தது. அதே சமயம் ஆயிரக்கணக்கான மனிதர்கள் ஒரே இடத்தில் துணிக்கூடாரத்தில் தூங்கினார்கள். 2024இல் அந்தச் சிங்கங்களின் உடைந்த பல் இடுக்குகளில் சிக்கியிருந்த முடிகளின் டி.என்.ஏ.வைப் படித்தார்கள். ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, நீர்மான் ஆகியவற்றோடு மனித முடியும் இருந்தது. 126 வருஷம் ஒரு பல் குழிக்குள் கிடந்த முடி. யாருடையது என்று சொல்ல முடியாது. ஆனால் யாரோ ஒருவருடையது.

இமயமலைப் பகுதியான குமாவூனில் 1907இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலிக்கும் வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் குண்டின் வேலை என்று அவர் பதிவு செய்தார். 436 பேரைக் கொன்றதாக அதன்மேல் கணக்கு. அதைச் சுட்டு உயிரோடு விட்டவர் யார் என்று எந்தக் கணக்கிலும் இல்லை.

முதலைக்கு இந்தக் காரணங்கள் எதுவும் தேவையில்லை. நீர் விளிம்புக்கு வரும் எந்தப் பாலூட்டியும் அதற்கு இரைதான். 1985 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் ககடு தேசியப் பூங்காவில், தத்துவ அறிஞர் வால் பிளம்வுட் சிறு படகில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். உப்புநீர் முதலை ஒன்று படகை முட்டத் தொடங்கியது. கரையோர மரக்கிளைக்குத் தாவினார். கிளையைப் பிடித்த நேரத்தில் அது தொடைகளுக்கு நடுவே கவ்வி, நீருக்குள் இழுத்து உருட்டியது. தலை வெளியே வந்தது, மூச்சு வாங்கினார், மறுபடி உருட்டியது. மூன்று முறை.

ஏன் உருட்ட வேண்டும்? முதலையின் பற்கள் கூம்பு வடிவம்; பிடிக்கத்தான் முடியும், வெட்ட முடியாது. தாடை பக்கவாட்டில் அசையாது என்பதால் மெல்லவும் முடியாது. கவ்வும் விசை மட்டும் பிரமாண்டம். நாலரை மீட்டர் நீள உப்புநீர் முதலை ஒன்றிடம் அளந்தபோது சுமார் 16,400 நியூட்டன் வந்தது. ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட எடை தாடையில் உட்கார்ந்ததற்குச் சமம். ஆக, பிடித்ததைத் துண்டாக்க முக்கியமான வழி தன் உடலையே திருகுவது. கால்களை உடலோடு ஒட்டிக்கொண்டு, தலையையும் வாலையும் வளைத்து, நீளவாக்கில் சுழல்கிறது. சதை முறுக்கிக் கிழிகிறது, அல்லது இரை மூழ்கிச் சாகிறது. வாயின் பின்பகுதியில் ஒரு மடல் மூடிக்கொள்வதால் வாய் திறந்திருந்தும் அதன் நுரையீரலுக்குள் தண்ணீர் போகாது.

ஆனால் இந்தச் சுழற்சிக்கான ஆற்றலில் பெரும்பகுதி ஆக்சிஜன் இல்லாமலே எரிகிறது. தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்ந்து சீக்கிரமே களைப்பு வரும். முதலை இடைவெளி விட்டாக வேண்டும். பிளம்வுட் மூச்சு வாங்கியது அந்த மாதிரியான இடைவெளிகளில்தான். மூன்றாவது உருட்டலுக்குப் பிறகு பிடி தளர்ந்தபோது, சேற்றுக்கரையில் விரல்களைக் குத்திக் குத்தி ஏறினார். கிழிந்த காலோடு மணிக்கணக்கில் நடந்தும் தவழ்ந்தும் போனவரைக் கடைசியில் கண்டுபிடித்தார்கள். பழிவாங்க முதலைகளைச் சுடலாம் என்ற பேச்சு வந்தபோது அவர் எதிர்த்தார். தான் அதன் இடத்துக்குள் போனவர் என்பது அவர் வாதம். 2008 வரை வாழ்ந்தார்.

பதுங்கி வேட்டையாடும் விலங்குகளிடம் ஒரு பலவீனம் உண்டு. இரை பார்த்துவிட்டது என்று தெரிந்தால் பெரும்பாலும் கைவிட்டுவிடும். சுந்தரவனக் காட்டுக்குள் தேனுக்கும் விறகுக்கும் போனவர்கள் 1980களின் பிற்பகுதியில் பின்மண்டையில் மனித முகமூடி கட்டிக்கொண்டு போனது இதனால்தான். புலி பின்னாலிருந்து வருவது. பின்னாலும் ஒரு முகம் அதைப் பார்த்தால்? கொஞ்ச காலம் நன்றாகவே பலித்தது. அப்புறம் புலிகள் பழகிவிட்டன.

போட்ஸ்வானாவில் இதை முறையாகச் சோதித்தார்கள். முடிவு 2020இல் வெளியானது. நாலு வருஷம், 14 மந்தைகள், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள். சிலவற்றின் பிட்டத்தில் இரண்டு கண்கள் வரைந்தார்கள், சிலவற்றில் வெறும் பெருக்கல் குறி, மீதியை அப்படியே விட்டார்கள். எதுவும் வரையாத 835 மாடுகளில் 15ஐப் பதுங்கி வேட்டையாடும் விலங்குகள் கொன்றன. பெருக்கல் குறி போட்ட 543இல் 4. கண் வரைந்த 683இல் ஒன்றுகூட இல்லை. சிங்கங்களும் ஒரு நாள் பழகிவிடலாம் என்று ஆய்வாளர்களே எச்சரிக்கிறார்கள்.