ஷேர்டு டெசிஷன் மேக்கிங்: தமிழில் என்ன சொல்வது?

சிகிச்சைக்கு என்னென்ன வழி உண்டு, எதில் என்ன பலன், என்ன தொந்தரவு என்று மருத்துவர் சொல்லவேண்டும். தனக்கு எது முக்கியம் என்று நோயாளி சொல்லவேண்டும். அப்புறம் இருவரும் பேசி ஒரு வழிக்கு வரவேண்டும். இதுதான் ஷேர்டு டெசிஷன் மேக்கிங். 1982-ல் வந்த அமெரிக்க மருத்துவ அறவியல் ஆணைய அறிக்கை இதை வலியுறுத்தியது.

மார்பகப் புற்றுநோய் எலும்பு, ஈரல் என்று பரவிவிட்டால் பெரும்பாலும் முழுக்கக் குணப்படுத்த முடியாது, கட்டுக்குள் வைக்கலாம். சிகிச்சை நீளும், மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு முடிவு எடுக்கவேண்டியிருக்கும்.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் என் அத்தைக்கும் அப்படிப் பரவியிருந்தது. கேப்சிடபின் என்ற புற்றுநோய் மாத்திரை பேச்சு வந்தது. டாக்டரம்மா மகனிடமே பேசிக்கொண்டிருந்தார். வீட்டிலேயே சாப்பிடலாம், ஊசிக்காக பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறவேண்டாம். நல்லதுதானே என்று நாங்கள் தலையாட்டினோம். அத்தைதான் கேட்டாள்: "இதத் தின்னா பீடி சுத்த ஏலுமா டாக்டரம்மா?"

அந்த மாத்திரையில் சிலருக்கு உள்ளங்கை சிவந்து தோல் உரியும். அதற்குப் பதில் பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் ஊசி என்றால் விரல் நுனி மரத்துப்போகலாம். இரண்டையும் டாக்டரம்மா அதன்பிறகு அவளிடமே சொன்னார். "மரத்த விரலுக்கு எல தெரியாது. மாத்திரையே குடுங்க" என்றாள் அத்தை. கை சிவந்தால் உடனே வாருங்கள், நிறுத்திவைத்து அளவைக் குறைக்கலாம் என்றார் அவர்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'பகிர்ந்து முடிவெடுத்தல்' என்று பலர் எழுதுகிறார்கள். ஷேர் என்பதன் பழைய ஆங்கில வேர் வெட்டுதல். டெசிஷனின் லத்தீன் வேரும் வெட்டிவிடுதல்தான். நம் 'பகிர்' என்பதும் பகுத்தல்தான். வயலைப் பகிரலாம், முடிவில் ஆளுக்குப் பாதி கிடையாது. மகனிடம் தகவல் சொல்வதைக்கூட 'பகிர்ந்தேன்' என்கிறோமே!

எங்கள் ஊரில் பெண் பார்த்துவிட்டு எழுந்திருக்கிறவர்கள், "கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்" என்பார்கள். அந்தக் 'கலந்து' தான் இங்கே பொருந்துகிறது. ஆனால் பெண்ணைக் கேட்காமலே எல்லாரும் கலந்து பேசிய காலமும் உண்டு. நோயாளிக்கும் அதுவே நடக்கிறது. வயதுவந்த, சுயநினைவோடு பேசக்கூடிய பெண்ணின் சிகிச்சைக்கு அவள் சம்மதம் வேண்டும், அவசரநிலை இல்லாதபோது தாயின் சம்மதம்கூட ஈடாகாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அதனால் 'நோயாளியோடு கலந்து முடிவெடுத்தல்' என்றே எழுதுகிறேன். நீளம்தான். சுருக்கினால் முதலில் விடுபடுவது நோயாளி.