‘ஜெர்க்’ வருகிறது என்றால் எப்போது வருகிறது என்று பாருங்கள்

"ஜெர்க் அடிக்குது டாக்டர்", அதாவது உடம்போ கையோ சட்டென்று உதறுகிறது என்று சொல்லி உட்காருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, அது எந்த நேரத்தில் வருகிறது என்பதைத்தான். கண் அசரும்போதா, தூங்கி எழுந்த உடனேயா? பாதி விஷயம் இதிலேயே தெரிந்துவிடும்.

தூக்கம் பிடிக்கிற நேரத்தில் பள்ளத்தில் விழுவதுபோல் உடம்பு ஒருமுறை தூக்கிவாரிப் போடுவது பெரும்பாலானவர்களுக்கு எப்போதாவது வருவதுதான். அசதியோ மன உளைச்சலோ இருந்தால், ராத்திரி காபி குடித்தால் கூடுதலாக வரும். அது வலிப்பு இல்லை, ஸ்கேனும் மாத்திரையும் வேண்டாம். முட்டிக்குக் கீழே சுத்தியால் தட்டினால் கால் எகிறுகிறதே, அதற்கும் ஜெர்க் என்றுதான் பெயர். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

எனக்குக் கவலை, காலையில் வருகிற ஜெர்க்கைப் பற்றித்தான். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளை, எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் கை சட்டென்று உதறி டூத் பிரஷையோ காபி டம்ளரையோ கீழே போடுகிறது; நினைவு தப்புவதில்லை, வலியும் இல்லை, அதனால் பிள்ளையும் சொல்வதில்லை, வீட்டில் "கவனம் எங்க இருக்கு" என்று திட்டுதான் விழுகிறது. அப்புறம் பரீட்சைக்காக விடிய விடியக் கண்விழித்துப் படித்த மறுநாள் காலையில் முழு வலிப்பே வந்துவிடுகிறது. இதற்கு ஜுவனைல் மயோகுளோனிக் எபிலெப்சி, அதாவது இளம் வயதில் உதறலோடு வரும் வலிப்பு நோய் என்று பெயர். ஜெர்மன் மருத்துவர் டீட்டர் யான்ஸ் 1957லேயே இதை விரிவாக விவரித்திருக்கிறார், இன்னமும் தவறவிடுகிறோம், காரணம் காலை உதறலைப் பற்றி யாரும் கேட்பதில்லை, வீட்டாரும் சொல்வதில்லை. தயவுசெய்து நீங்களாகவே சொல்லுங்கள், ஏனென்றால் கார்பமசெபின், ஃபெனிட்டாயின் மாதிரி வழக்கமான வலிப்பு மாத்திரைகள் இந்த உதறலைக் கூட்டிவிடக்கூடும். நன்றாகக் கேட்கும் வால்ப்ரோவேட் மாத்திரையோ கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கும், ஆகவே பெண் பிள்ளைகளுக்கு வேறு மருந்தைத்தான் முதலில் யோசிப்போம். சரியான மருந்தும் ஒழுங்கான தூக்கமும் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு இது கட்டுக்குள் இருக்கும். ஆனால் நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வந்துவிடும்.

இதைவிட அவசரமானது கைக்குழந்தைக்கு வருவது. சத்தம் கேட்டுப் பச்சைக் குழந்தை கைகளை விரித்துத் திடுக்கிடுவது இயல்பு, ஆறு மாதத்துக்குள் அது போய்விடும். ஆனால் மூன்று மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள், தூங்கி எழும் நேரத்தில் தலை குனிந்து கைகள் விரிந்து ஒன்றிரண்டு நொடி விறைத்து, விட்டு, சில நொடிகளில் மறுபடியும் அதேபோல், இப்படி வரிசையாக வந்தால் அது ஒரு வகை வலிப்பு. வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் சொந்த மகனிடம் இதைப் பார்த்து 1841இல் லான்செட் இதழுக்குக் கடிதம் எழுதினார். நம் ஊரில் வயிற்றுவலி என்றோ, உரம் விழுந்துவிட்டது என்றோ நினைத்து உரம் எடுக்க அலைகிறார்கள், வாரங்கள் ஓடிவிடுகின்றன. சிகிச்சை தள்ளிப்போகிற ஒவ்வொரு வாரமும் மூளை வளர்ச்சிக்குக் கேடு. அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் போங்கள், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி சோதனை எடுக்கச் சொல்வார்.

போகும்போது போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். முகம், இரண்டு கைகள், கால்கள் எல்லாம் தெரிய வேண்டும், போர்வையை விலக்கிவிடுங்கள். ஒரு நிமிடம் ஓடினாலே போதும்.