விமானியின் கண் எங்கே இருக்கிறது? சிமுலேட்டர்களின் காக்பிட் காட்சிகள்

விமானம் ஓட்டுவதைக் கணினியில் போலச்செய்யும் பறத்தல் சிமுலேட்டர் திரையில் காட்டுவதெல்லாம் ஒரு மெய்நிகர் கேமராவின் பார்வையே. அந்தக் கேமரா எங்கே இருக்கிறது, எத்திசையை நோக்குகிறது, எவ்வளவு அகலமான கோணத்தை உள்வாங்குகிறது என்ற மூன்று விவரங்களே ஒரு காட்சி வகையை இன்னொன்றிலிருந்து பிரிக்கின்றன.

ஐபிஎம் பிசிக்காக 1982-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் திரையின் மேற்பகுதியில் வெளியுலகமும் கீழ்ப்பகுதியில் கருவிப் பலகையும் தெரிந்தன. பலகை வெறும் தட்டையான படம்; வெளிக்காட்சி மட்டுமே கணக்கிட்டு வரையப்பட்டது. உயரமானியும் வேகமானியும் பெரிதாகத் தெரிவதால், மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சிக்கு இத்தகைய பலகை இன்றும் ஏற்றதே. ஆனால் தரையிறங்குமுன் தோளுக்குப் பின்னால் ஓடுபாதையைத் தேடவேண்டிய தருணத்தில், காட்சி ஒரே தாவலில் பக்கவாட்டுக்கு மாறுவதால் திசையுணர்வு குலைந்துவிடுகிறது.

இக்குறையை நீக்கியது முப்பரிமாண மெய்நிகர் காக்பிட், அதாவது விமானி அறை. இதில் பலகை, ஜன்னல் சட்டம், இருக்கை யாவும் வெளியுலகத்தைப் போலவே முப்பரிமாண வடிவங்களாக இருப்பதால், கேமராவைச் சற்று நகர்த்தினால் அருகிலுள்ள சட்டம் விலகி, அதன் பின்னால் மறைந்திருந்தது தெரியவரும். ஸ்பிட்ஃபயர் போன்ற இரண்டாம் உலகப்போர் விமானங்களின் நீண்ட மூக்கு, இறங்கும்போது ஓடுபாதையை மறைத்துவிடும். அதனால் அவற்றின் விமானிகள் வளைவாக வந்து இறங்கினார்கள். அந்தக் கட்டாயத்தை உணர்த்தக்கூடியது இந்தக் காட்சி மட்டுமே. டிராக்ஐஆர் போன்ற கருவிகள் விமானியின் தலையசைவை அகச்சிவப்புக் கேமராவால் கண்காணித்து, அதற்கேற்ப மெய்நிகர் கேமராவை நகர்த்துகின்றன.

பலரும் கவனிக்காமல் விடுவது காட்சிக்கோணம். 60 செ.மீ. அகலமுள்ள திரையை 60 செ.மீ. தொலைவிலிருந்து பார்த்தால், அது நம் பார்வையில் சுமார் 53 பாகையை மட்டுமே நிரப்புகிறது; இரு கண்களாலும் நாம் காணும் கிடைமட்டப் பரப்போ ஏறத்தாழ 200 பாகை. சிமுலேட்டரிலும் 53 பாகையை வைத்தால் பொருள்கள் உண்மையான அளவில் தெரியும், ஆனால் பக்கவாட்டுக் காட்சி முழுவதும் இழக்கப்படும். 90 பாகையாக விரித்தால் பக்கங்கள் கிடைக்கும். ஆயினும் கருவிகளின் எழுத்துகள் சுருங்கும், ஓடுபாதை உள்ளதைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும், விளிம்புகள் இழுபட்டுக் காணும். தரையிறங்கும் உயரத்தைத் தவறாக மதிப்பிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதால், புதிதாகப் பழகுவோர் ஒரே கோணத்தை வைத்துக்கொண்டு அதிலேயே பழகுவது நல்லது என்பேன்.

போர்விமானங்களில் கண்ணெதிரே உள்ள கண்ணாடியில் தகவல்களைக் காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளேவின் குறியீடுகள், வெகுதொலைவில் இருப்பவைபோல் ஒளியியல் முறையில் அமைக்கப்படுகின்றன. ஆகவே நல்ல சிமுலேட்டரில், தலையை நகர்த்தினாலும், விமானம் செல்லும் திசையைக் காட்டும் பாதைக் குறி கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளாமல் வெளியே அதே இடத்தைச் சுட்டவேண்டும். வெளியிலிருந்து விமானத்தைப் பின்தொடரும் காட்சி அழகானது. ஆனால் விமானிக்கு அப்படியொரு பார்வை கிடைக்காது என்பதால் பயிற்சியில் அதற்கு இடம் குறைவு.

மெய்நிகர் தலைக்கவசம் இரு கண்களுக்கும் தனித்தனிப் படங்களைத் தந்து, தலை திரும்பும் அளவுக்கே காட்சியையும் திருப்புகிறது. அளவும் ஆழமும் இயல்பாக அமைவதால் இங்கே காட்சிக்கோணத்தைச் சரிசெய்யும் சிக்கல் எழுவதில்லை. அதற்கு ஈடாக, சிறிய எழுத்துகளைப் படிக்க விமானி சில வேளைகளில் பலகையை நோக்கிக் குனிய நேர்கிறது.