புல் தெரிந்தால் அவமானமா?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், ரெங்கம் பக்கத்தில் ஒரு பெரியவரின் ஐந்து ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குப் போயிருந்தேன். குலை எடை குறைகிறது, கீழ் மட்டைகள் மஞ்சளடிக்கின்றன, என்ன உரம் போடலாம் என்று கேட்டு அழைத்திருந்தார். உள்ளே நுழைந்ததும் அவர் முதலில் காட்டியது தரையைத்தான். "பாருங்க தம்பி, ஒரு புல் இருக்கா?"

இல்லை. கூட்டிப் பெருக்கிய வாசல் மாதிரி இருந்தது. ஆனால் மரத்தடியில் வேர்கள் விரல் விரலாக வெளியே தெரிந்தன. நட்ட காலத்தில் அவை மண்ணுக்குள் இருந்த வேர்கள். அவற்றை மூடியிருந்த மண் எங்கே போனது என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார். "மழையில போயிருக்கும்."

எவ்வளவு போயிருக்கும்? ஓர் ஏக்கரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மண் கரைந்தால், அது நான்கு கன மீட்டர். எடையில் ஏறக்குறைய 5 டன். வங்கி அட்டையின் தடிமனைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு லாரி மண் வாய்க்காலில் இறங்கிப் போய்விடும். யாரும் திருட்டுப் புகார் கொடுக்க மாட்டார்கள்.

நான் குளுவாங் வட்டாரத்தில் சிறுதோட்டக்காரர்களுக்கு மண், உரம் பற்றி ஆலோசனை சொல்கிறவன். எங்கள் பக்கத்து மண்ணுக்கு ஒரு பெருமை உண்டு. நாட்டின் மண் வரைபடங்களில் ஒரு மண் வகைக்கே 'ரெங்கம்' என்றுதான் பெயர். கருங்கல் பாறை சிதைந்து உண்டான மண். ஆழமானது, தண்ணீர் தேங்காது, வேர் நன்றாக இறங்கும். குறையும் உண்டு. புளிப்பு அதிகம், சத்தைப் பிடித்து வைக்கும் திறன் குறைவு. பிடித்து வைக்கிற கொஞ்சநஞ்சமும் மக்கு கலந்த மேல்மண்ணில்தான் இருக்கிறது. மேல்மண் போன பிறகு போடுகிற உரம், ஓட்டைப் பையில் போட்ட காசு. பெரியவரின் மரங்களில் கீழ் மட்டை மஞ்சளடித்தது மக்னீசியப் பற்றாக்குறை. அதற்கு கீசரைட் என்கிற மக்னீசிய உரம் போடலாம்தான். ஆனால் அதுவும் அந்த மொட்டைத் தரையில்தானே விழும்?

இந்தச் 'சுத்தம்' எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். நம் தாத்தா பாட்டி வேலை செய்த ரப்பர் தோட்டங்களில் ஒரு காலத்தில் புல்லே இருக்கக்கூடாது. துரை வரும்போது மர வரிசையில், அதாவது நிரையில், புல் தெரிந்தால் மேற்பார்வை பார்க்கிற மண்டோருக்குத் திட்டு, வேலையாளுக்கு அன்றைய பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும். சரிவுகளில் அப்படிச் சுரண்டி எடுத்ததில் மேல்மண் கரைந்த பிறகுதான், அதே தோட்டங்கள் தரையை மூடி மண்ணைக் காக்கிற மூடுபயிர்க் கொடிகளைப் பரப்பத் தொடங்கின. துரைமார்கள் மாறிவிட்டார்கள். நாம்தான் அந்தப் பயத்தைச் சொந்த நிலத்துக்கும் எடுத்து வந்துவிட்டோம். அன்று மண்வெட்டி, இன்று களைக்கொல்லி மருந்து பம்ப். பாராகுவாட் என்கிற களைக்கொல்லி 2020-இல் தடையானது; அந்த இடத்துக்கு வேறு மருந்துகள் வந்தன, பழக்கம் மாறவில்லை. நிலத்துக்காரர் ஜொகூர் பாருவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிறார், மருந்தடிப்பது குத்தகை ஆள். அவருக்கும் முழுத் தரையும் காய்ந்து கிடந்தால்தான் வேலை முடிந்ததாகக் காட்ட முடியும்.

"புல்லை விட்டா பாம்பு வரும் தம்பி" என்பார்கள். நியாயமான பயம். எலியைத் தேடி நாகம் வருகிற இடம் செம்பனைக் காடு. அதனால் எல்லாவற்றையும் வளரவிடுங்கள் என்று நான் சொல்வதில்லை. மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் வட்டம் சுத்தமாக இருக்கட்டும், உதிரிப்பழம் பொறுக்க வேண்டும். குலை வெட்டப் போகிற பாதை சுத்தமாக இருக்கட்டும். லாலாங் என்கிற முரட்டுப் புல், மரத்தில் ஏறுகிற கொடி, கட்டைச் செடி எல்லாவற்றையும் அழியுங்கள். மிச்ச இடத்தில் உள்ள மென்மையான புல்லையும், மலாய்க்காரர்கள் பாக்கிஸ் என்கிற பெரணியையும் விட்டுவிடுங்கள். முழங்காலுக்கு மேல் போனால் இயந்திரத்தால் வெட்டிவிட்டால் போதும்.

இதைவிடப் பெரிய விஷயம் மட்டை. ஒரு மரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 மட்டை வெட்டுகிறோம். ஓர் ஏக்கருக்குக் காய்ந்த எடையில் சுமார் 4 டன். நாம் காசு கொடுத்து வாங்கிப் போட்ட சத்தில் ஒரு பங்கு அதற்குள் இருக்கிறது. பலர் அதைச் சரிவின் போக்கிலேயே, மேலிருந்து கீழாக அடுக்கி வைக்கிறார்கள், நடக்க வசதி என்று. அப்போது இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் ஓடுகிற மழைநீருக்கு நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதே மட்டையைச் சரிவுக்குக் குறுக்கே போட்டால் அணை. கூடுதல் செலவு ஒன்றும் இல்லை, மட்டையைத் தூக்கிப் போடுகிற திசை மட்டும்தான் மாறுகிறது.

தொடக்கத்தில் இதையெல்லாம் நான் மண்டபத்தில் படம் போட்டுக் காட்டினேன். எல்லோரும் மீஹூன் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருவரும் மாறவில்லை. இப்போது படம் காட்டுவதில்லை. காரில் ஒரு மண்வெட்டி வைத்திருக்கிறேன். பெரியவரின் தோட்டத்திலும் அதைத்தான் எடுத்தேன். மருந்தடித்த நிரையில் ஒரு வெட்டு: மண்வெட்டி டங்கென்று எகிறியது. மூலையில் பல வருடமாகக் கிடந்த மட்டைக் குவியலை விலக்கி இன்னொரு வெட்டு: கறுப்பு மண், மண்புழு, நூல் நூலாகப் புதுவேர். மரம் தன் வேரை அந்தக் குவியலை நோக்கி அனுப்பியிருந்தது. பெரியவர் குனிந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பெரிய மரங்களுக்கு உரத்தை மொட்டை வட்டத்தில் கொட்டாமல் இந்தக் குவியல் மேலே தூவச் சொல்வதும் இதனால்தான்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆலையில் பழம் உதிர்த்த வெற்றுக் குலை மண்ணுக்கு அருமையான போர்வை. ஒரு டன்னில் சுமார் 19 கிலோ பொட்டாஷ் உரத்துக்கும் 7 கிலோ யூரியாவுக்கும் சமமான சத்து இருக்கிறது. 2022-இல் உக்ரைன் போரை ஒட்டி உர விலை எகிறியபோது அதைத் தேடி எல்லோரும் அலைந்தார்கள். அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே ஒருவருக்கு நான் பரிந்துரை செய்தேன், எப்படிப் பரப்புவது என்று அழுத்திச் சொல்லவில்லை. அவர் லாரி கொட்டிய இடத்திலேயே குவியலாக விட்டுவிட்டார். காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகி, பக்கத்து இளங்கன்றுகளின் குருத்தைத் துளைத்தது. அவர் இன்றும் என்னைக் கண்டால் "வண்டு வாத்தியார்" என்பார். ஒற்றை அடுக்காக, குலை மேல் குலை ஏறாமல் பரப்ப வேண்டும். இதை இப்போது மூன்று முறை சொல்கிறேன்.

அப்புறம் மழை. எங்கள் பக்கம் நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை. 2006 டிசம்பர் வெள்ளத்தை ஜொகூரில் யாரும் மறக்க மாட்டார்கள். ஆனாலும் ஆண்டுக் கடைசியில் போனஸ் காசு கையில் வந்ததும் உரம் வாங்கிப் போடுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. வாங்குங்கள், மழை படாமல் அடுக்கி வையுங்கள், பருவமழை ஓய்ந்த பிறகு போடுங்கள்.

மறுநடவு செய்கிறவர்கள் மூடுபயிர் விதையைக் கன்று நடும்போதே கேட்டு வாங்குங்கள். செம்பனை வாரியத்தில் சிறுதோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்கிற துனாஸ் அதிகாரிகளிடம் கேட்டால் இலவசமாக வந்து பார்ப்பார்கள். எம்எஸ்பிஓ என்கிற மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழுக்காக எப்படியும் அவர்களைச் சந்திக்கத்தான் போகிறீர்கள்.

பெரியவரிடம் அடுத்த முறை போனது எட்டு மாதம் கழித்து. சாலையோரமாக இருந்த இரண்டு நிரைகள் பழையபடி மொட்டையாக இருந்தன. எனக்குச் சப்பென்று போய்விட்டது. உள்ளே நடந்தால் மூன்றாவது நிரையிலிருந்து பச்சை, மட்டைகள் எல்லாம் குறுக்கே. என்ன ஐயா இது என்றேன். "ரோட்டுல போறவன் என்னைச் சோம்பேறின்னு நினைக்கக்கூடாதுல்ல" என்றார். சரி, அந்த இரண்டு நிரை அவருக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.