சாப்பாட்டு மேசைக்குச் சுவர் தரும் ஒளி

மும்பை அடுக்ககங்களில் சாப்பாட்டுக்கென்று தனி அறை வாய்ப்பது அரிது. மாட்டுங்காவோ செம்பூரோ முலுண்டோ, நம்மவர்கள் வீடுகளில் பெரும்பாலும் ஹாலின் ஒரு மூலைதான் சாப்பிடும் இடம். சமையலறை வாசலை ஒட்டி ஒரு மேசை, நான்கு நாற்காலிகள், பக்கத்தில் ஃபிரிட்ஜ், அடுத்த கட்டடத்தைப் பார்த்த ஒரு சன்னல். பெயின்ட் அடிக்கும் வருடம் வந்துவிட்டால் வீட்டில் விவாதம் நீள்வது இந்த மூலையை வைத்துத்தான். மகள் அழுத்தமான செங்கல் நிறம் கேட்பாள். அம்மா வழக்கமான கிரீமே போதும் என்பார். இருவர் கண்ணும் ஷேட் கார்டின் மேலேயே இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது விளக்கை என்பது என் திடமான கருத்து.

சுவருக்குச் சொந்த ஒளி கிடையாது. விளக்கிலிருந்தும் சன்னலிலிருந்தும் வந்து விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி, மிச்சத்தைத் தன் நிறத்தில் திருப்பி அனுப்புகிறது. அந்த மிச்சம்தான் சோற்றின்மேலும், ரசத்தின்மேலும், எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தின்மேலும் விழுகிறது. ஆகவே நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, சாப்பாட்டின்மேல் விழப்போகும் வெளிச்சத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம்.

எவ்வளவு ஒளி திரும்பும் என்பதற்குப் பெயின்ட் நிறுவனங்கள் ஓர் எண் வைத்திருக்கின்றன. நூறு பங்கு ஒளி விழுந்தால் எத்தனை பங்கு திரும்புகிறது என்பதே அது. நல்ல வெள்ளைக்கு அது 85 அளவில் இருக்கும். கிரீம் வகைகள் சற்றே கீழே. அடர் மெரூன், கருநீலம் போன்றவை 10-ஐ ஒட்டியோ அதற்கும் கீழோ நின்றுவிடும். இந்த வித்தியாசம் தோன்றுவதைவிட மிகப் பெரியது. ஏனென்றால் ஒளி ஒரு சுவரில் பட்டுத் திரும்புவதோடு நிற்பதில்லை; எதிர்ச்சுவருக்குப் போகிறது, அங்கிருந்து கூரைக்கு, மீண்டும் சுவருக்கு. எல்லாப் பக்கமும் மூடிய, ஒரே வண்ணம் பூசிய ஓர் அறையைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். சுவர்கள் 80 பங்கைத் திருப்பினால், இந்தத் தொடர் எதிரொளிப்பையெல்லாம் கூட்டும்போது சுவரில் விழும் மொத்த ஒளி விளக்கு நேரடியாகத் தந்ததைப்போல் 5 மடங்காகிறது. 50 பங்கு என்றால் 2 மடங்கு. 20 பங்கு என்றால் ஒன்றேகால் மடங்குதான். நிஜ வீட்டில் சன்னல், கதவு, அலமாரி, தரை எல்லாம் குறுக்கிடுவதால் இந்த எண்கள் குறையும். ஆனாலும் போக்கு மாறாது. அதே பல்பு, அதே மின்கட்டணம். கிரீம் அறை பளிச்சென்று இருக்கும், மெரூன் அறை மங்கிக் கிடக்கும்.

இந்த எதிரொளிப்பு வெளிச்சத்தை மட்டுமல்லாமல் நிறத்தின் செறிவையும் மாற்றுகிறது. செங்கல் நிறப் பெயின்ட் ஒன்று சிவப்பு ஒளியில் 60 பங்கையும் பச்சை ஒளியில் 30 பங்கையும் திருப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை பட்டுத் திரும்பும்போது சிவப்பு பச்சையைப்போல் இருமடங்கு. அதே ஒளி எதிர்ச்சுவரில் மறுபடி பட்டால் 36-க்கு 9, அதாவது நான்கு மடங்கு. மூன்றாம் முறை எட்டு மடங்கு. ஷேட் கார்டில் சாந்தமாகத் தெரிந்த நிறம் நான்கு சுவரிலும் ஏறியதும் ஏன் கண்ணைப் பறிக்கிறது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கார்டில் இருக்கும் துண்டு தன்னையே எதிரொளிக்க முடியாது, அறை முடியும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கெட்டியான சிவப்பு சார்ட் தாள் ஒன்றைப் பாதியில் மடித்து, பாதி திறந்த புத்தகம்போல் நிறுத்துங்கள். மடிப்பின் உட்புறம் நிறம் ஆழமாகவும், வெளிப்பக்கம் சற்று வெளிறியும் தெரியும். இப்போது அந்த உட்புறத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் வெள்ளைச் சோற்றை வையுங்கள். சோற்றின் ஓரத்தில் மெல்லிய சிவப்புச் சாயல் படிவதைக் கண்ணாலேயே காணலாம். நாளை உங்கள் மேசையில் நடக்கப்போவதும் இதுவே. சுவர் பச்சையானால் முகங்களில் பச்சை ஏறும், அது யாருக்கும் அழகு சேர்ப்பதில்லை. பீச், செம்மண், மஞ்சள் சாயல் கொண்ட சுவர்கள் நம் தோல் நிறத்துக்கும் நம் சாப்பாட்டுக்கும் இதமாக இருக்கின்றன. நீலத்தைச் சாப்பாட்டு மூலையில் நான்கு பக்கமும் அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அழுத்தமான நிறத்தையே கைவிட வேண்டுமா என்றால், தேவையில்லை. மேசையின் வடிவியல் நமக்குச் சாதகமாக இருக்கிறது. மேசைப்பரப்பு கிடைமட்டமானது, தட்டில் இருக்கும் சாப்பாட்டுக்கு ஒளி மேலிருந்தே வர முடியும். செங்குத்தாக விழும் ஒளிக்கு வலு அதிகம், சாய்வாக வருவதற்குக் குறைவு. ஆகவே தட்டின் நிறத்தை அதிகம் தீர்மானிப்பது கூரை. அடுத்தது சுவரின் மேல்பகுதி. மேசை மட்டத்துக்குக் கீழே இருக்கும் சுவர், தட்டுக்கு நேரடியாக எதையும் அனுப்புவதில்லை. மும்பையின் பழைய கட்டடங்களில் மாடிப்படி ஓரமாகவும் அலுவலகத் தாழ்வாரங்களிலும் இடுப்பளவுக்கு அடர்நிற ஆயில் பெயின்ட், அதற்கு மேலே வெளிர்நிறம் என்று பார்த்திருப்பீர்கள். அழுக்கு தெரியாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. சாப்பாட்டு மூலைக்கு அது ஒளியியல்படியும் மிகச் சரியான ஏற்பாடு. மேசை மட்டம்வரை எவ்வளவு துணிச்சலான நிறம் வேண்டுமானாலும் வையுங்கள், தட்டு அறியாது. நாற்காலி உரசும் கறையும் சாம்பார்த் தெறிப்பும் அதில் அவ்வளவாகத் தெரியாமல் போவது கூடுதல் லாபம். கூரை மட்டும் வெள்ளையாகவே இருக்கட்டும். ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கூரை வெளிர்நிறமாக இருந்தபோது பார்வையாளர்கள் அறையை உயரமாக மதிப்பிட்டார்கள். தாழ்ந்த கூரையுள்ள நம் அடுக்ககங்களுக்கு அது சிறு விஷயமல்ல.

இனி விளக்கு. நம் வீடுகளில் ட்யூப்லைட்டைச் சுவரின் உச்சியில் பொருத்தும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதன் ஒளி அறை முழுக்கச் சிதறி, எதிர்ச்சுவரிலும் கூரையிலும் பட்டு, பிறகுதான் பெருமளவு மேசைக்கு வருகிறது. சுவர் நிறத்தின் செல்வாக்கு அங்கே உச்சத்தில் இருக்கும். மாறாக, மேசைக்கு நேர் மேலே கூண்டு போட்ட ஒரு விளக்கைத் தொங்கவிட்டால் தட்டுக்கு வேண்டிய ஒளி நேரடியாக இறங்கிவிடும். சுவரிலிருந்து வருவது அதன் முன்னால் அற்பமாகிவிடும். அழுத்தமான நிறம் தொங்கும் விளக்குள்ள வீட்டுக்கு. ட்யூப்லைட் மட்டுமே உள்ள வீட்டுக்கு அடங்கிய நிறம். இதைத்தான் விவாதத்தின் முதல் கேள்வியாக வைக்க வேண்டும்.

பல்பு வாங்கும்போது பெட்டியில் இரண்டு எண்களைப் பாருங்கள். கெல்வினில் குறித்திருப்பது ஒளியின் சாயல்: 2700 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள், 6500 என்றால் மேகமூட்டப் பகலின் நீலவெள்ளை. செங்கல் நிறமும் கடுகு நிறமும் 2700-இல் மலர்ந்து, 6500-இல் சோர்ந்துவிடும். இரண்டாவது எண் சி.ஆர்.ஐ., அதாவது நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் மதிப்பெண். 80 என்று போட்டிருந்தால் நல்லது என்று நினைக்கிறோம். ஆனால் அந்த மதிப்பெண்ணை எட்டு மென்னிற மாதிரிகளை வைத்தே கணக்கிடுகிறார்கள்; அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை. அதனால் 80 வாங்கிய எல்.இ.டி. பல்பு சிலவற்றின் கீழ் பீட்ரூட்டும் தக்காளித் தொக்கும் பழுப்படைந்து தெரியும். சாப்பாட்டு மேசைக்கு 90-ம் அதற்கு மேலும் உள்ள பல்புக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணாகாது.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. வெளிச்சம் குறையக் குறைய நிறங்கள் செறிவு இழந்து தெரிகின்றன. ஆங்கிலேய நிற அறிவியலாளர் ஹன்ட் 1952-இல் இதை அளந்து எழுதியதால் அவர் பெயராலேயே இதை அழைக்கிறார்கள். பிரகாசமான கடையில் துடிப்பாக இருந்த மயில்நீலம், பக்கத்துக் கட்டடத்தின் நிழல் விழும் ஹாலில் மந்தமாகிப் போவது இதனால்தான். அழுத்தமான நிறம் நன்றாக வாழ ஒளி நிறைய வேண்டும்; அதுவோ இருக்கும் ஒளியையும் விழுங்குகிறது. சன்னல் ஒடுங்கிய வீட்டில் இந்தக் கணக்கைத் தட்டிக்கழிக்க முடியாது.

அடங்கிய நிறம் என்றால் ஆபத்தில்லை என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. நம் கண் மிகக் கூர்மையாக வேறுபாடு காண்பது சாம்பலுக்கு அருகில்தான். மெரூனில் ஒரு துளி நீலம் கூடினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். சாம்பலில் அதே துளி கூடினால் ஊதா ஏறிவிட்டது என்று வீட்டுக்கு வருபவர்கூடச் சொல்வார். தொழிற்சாலைகள் பயன்படுத்தும் நிற வேறுபாட்டுச் சூத்திரங்களே இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. போதாததற்குச் சாம்பல் என்பது பெரும்பாலும் பல நிறமிகளின் கலவை. பகலொளியில் பொருந்தி நிற்கும் இரண்டு சாம்பல்கள் எல்.இ.டி. ஒளியில் பிரிந்துவிடலாம். பகலில் திரைச்சீலையோடு ஒன்றிப்போன சுவர் இரவில் அதனோடு சண்டை போடுவது இப்படித்தான்.

அருகில் இருப்பவையும் நிறத்தை மாற்றும். பாரிசின் கோபலேன் நெசவாலையில் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரல், கறுப்பு நூல் சரியாகக் கறுப்பாக இல்லை என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் இருந்த நிறமே கறுப்பை மாற்றிக் காட்டியது. 1839-இல் இதை அவர் ஒரு பெரிய நூலாகவே எழுதினார். பச்சைச் சுவருக்கு முன் வாழையிலையின் பசுமை எடுபடாது. செம்மண் நிறத்துக்கு முன் வைத்தால் இலை பளீரென்று எழுந்து நிற்கும். பொங்கலுக்கும் ஓணத்துக்கும் இலை போடும் வீடு என்றால் இதையும் யோசியுங்கள்.

சிவப்பு பசியைத் தூண்டும் என்று கடைக்காரரும் உறவினரும் அடித்துச் சொல்வார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 2012-இல் வந்த ஓர் ஆய்வில் சிவப்புத் தட்டில் வைத்த நொறுக்குத்தீனியை மக்கள் குறைவாகவே எடுத்தார்கள். அதே ஆண்டு, ஆக்ஸ்ஃபோர்டு உளவியலாளர் சார்லஸ் ஸ்பென்ஸும் அவருடன் பணிபுரிந்தவர்களும் ஸ்ட்ராபெர்ரி மூஸ் என்ற ஒரே நுரைத்த இனிப்பை வெள்ளைத் தட்டிலும் கறுப்புத் தட்டிலும் பரிமாறிப் பார்த்தார்கள். வெள்ளைத் தட்டில் சாப்பிட்டவர்கள் அது கூடுதலாக இனிப்பதாகச் சொன்னார்கள். இரண்டு ஆய்வும் தட்டைப் பற்றியவை, சுவரைப் பற்றியவை அல்ல. பசிக்காகச் சிவப்பு அடிக்க வேண்டாம், பிடித்திருந்தால் அடியுங்கள்.

செலவிலும் இயற்பியல் குறுக்கிடுகிறது. வெளிர்நிறப் பெயின்ட்டுகளின் மறைக்கும் வலிமை டைட்டானியம் டை ஆக்சைடிலிருந்து வருகிறது. அதன் ஒளிவிலகல் எண் சுமார் 2.7; அதைப் பிணைக்கும் பிசினுக்கு 1.5 அளவுதான். இந்த இடைவெளி ஒளியைச் சிதறடித்து, பழைய சுவரை மறைத்துவிடுகிறது. அடர்நிறம் கலக்கக் கடையில் எடுக்கும் அடிப்படைப் பெயின்ட்டான பேஸில் இந்த வெள்ளை நிறமி மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. இருந்தால் நிறம் வெளிறிவிடும். அதனால் பளிச்சென்ற சிவப்புக்கும் மஞ்சளுக்கும் மூன்று, நான்கு கோட் தேவைப்படலாம். பிரைமரையே அந்த நிறத்துக்கு நெருக்கமாகச் சாயமேற்றிக் கேட்டால் ஒரு கோட் மிச்சமாகும்.

முடிவெடுக்கும் முன் சாம்பிள் டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அட்டை இரண்டில் இரண்டு கோட் அடித்து, சுவர்கள் சேரும் மூலையில் ஒன்றையொன்று பார்க்குமாறு நிறுத்திவையுங்கள். காலையில், மேகம் மூடிய பிற்பகலில், இரவு விளக்கு போட்ட பிறகு என்று பாருங்கள். பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டோடு பாருங்கள்.

மழைக்காலத்தையும் மறக்க வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையின் வெளிச்சுவர்கள் நீர் குடிக்கின்றன; பிறகு அந்த ஈரம் வெளியேறும்போது கரைந்த உப்பு உட்புறம் வெள்ளையாகப் பூக்கிறது. கிரீமில் அது அவ்வளவாகத் தெரியாது, மெரூனில் தூரத்திலிருந்தே தெரியும். ஆகவே அழுத்தமான நிறத்துக்கு மழை படும் சுவரை விட்டுவிட்டு, சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவிலுள்ள தடுப்புச்சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மறுபக்கம் சிங்க்கோ தண்ணீர்க் குழாயோ இருந்தால், கசிவு இல்லை என்று பிளம்பரைக் கூப்பிட்டு உறுதி செய்துகொண்டு புட்டி வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.