மூடாக்கு: 'மல்ச்சிங்' என்பதற்கு நம் சொல்

உரக்கடைகளில் இன்று 'மல்ச்சிங்' (பயிரடி மண்ணை மூடிவைப்பது) என்றாலே பிளாஸ்டிக் தாள் என்று ஆகிவிட்டது. அந்தச் சொல் அவ்வளவு குறுகியதல்ல. 'மென்மையான, ஈரமான' என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. பதமாக மட்கிய வைக்கோலைத்தான் முதலில் குறித்தது.

தமிழில் இதற்கு மூடாக்கு. 'மூடு' என்ற வினையிலிருந்து பிறந்த பெயர். மேகம் கவிந்திருந்தால் 'வானம் மூடாக்கா இருக்கு' என்போமே, அதே சொல். வெயில் தரையில் படாமல் மறைப்பதுதான் இரண்டிலும் பொருள். மலையாளத்தில் இதைப் 'புதயிடல்' என்பார்கள். அதுவும் 'புதை' என்னும் நம் வேரோடு உறவுடையதே. எல்லையோரக் குமரி மாவட்டத்தில் இரண்டுமே காதுக்குப் பழக்கமானவை.

ரப்பர்த் தோட்டத்தில் படரவிடும் பியூரேரியாக் கொடி மூடாக்கு அல்ல, மூடுபயிர். அது உயிருள்ளது. வாழை மூட்டில் போடும் சருகு, தென்னையைச் சுற்றிப் பரப்பும் ஓலை, தொண்டு (தேங்காய் உரிமட்டை) இவையெல்லாம் மூடாக்கு.

குமரியில் கரும்பு பெரும்பாலும் பொங்கலுக்கு வாங்கும் பொருள்தான். ஆனால் மூடாக்கின் வேலையைத் தெளிவாகப் பார்க்கக் கரும்புக் காட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே மூடாக்குப் பொருள் கரும்பின் காய்ந்த இலை, அதாவது தோகை, பேச்சில் சோகை. (இரத்தச் சோகை வேறு சொல்.) நட்ட ஒரு வாரத்துக்குள் பார்களின்மேல் (சால்களுக்கு இடையிலான மண்மேடுகள்) 10 செ.மீ. கனத்துக்குச் சோகையைப் பரப்பச் சொல்வது வேளாண் பரிந்துரை. ஒளி கிடைக்காமல் களைவிதை முளைப்பது குறையும், ஈரம் நிற்கும், இளங்குருத்துப் புழுவும் குறையும். கரும்பு மெதுவாக வளரும் முதல் 3, 4 மாதங்களில் இது பெரிய உதவி. இவ்வளவு பயனுள்ள சோகையை வெட்டு முடிந்ததும் தீ வைத்து எரிப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

கோரை மட்டும் அடங்காது. கிழங்கிலிருந்து ஊசிபோலக் கிளம்பிச் சோகையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதைக் கிழங்கோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

விதையிலிருந்து முளைக்கும் களைக்கு, நட்ட 3-ஆம் நாள் ஹெக்டேருக்கு 2 கிலோ அட்ரசின் என்னும் களைக்கொல்லியை 500 லிட்டர் நீரில் கலந்து தெளிப்பதும் உண்டு. மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். தெளித்த பிறகு சோகையைப் பரப்புவதே நல்லது. முதலில் பரப்பிவிட்டால் தெளித்ததில் ஒரு பங்கு சோகையிலேயே ஒட்டி நின்றுவிடும்.

இதை 'களைமருந்து' என்றும் 'மருந்து அடிக்கிறது' என்றும் சொல்வதை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மருந்து என்று சொல்லிச் சொல்லித்தான் கையுறை போடாமல் கலக்கும் துணிச்சல் வருகிறது. களைக்கொல்லி என்பதே சரியான சொல். கொல்லும் பொருள் என்பதை அது மறைப்பதில்லை.

கறையான் இருக்கும் நிலத்தில் சோகை மூடாக்குப் போடக் கூடாது. களிமண்ணிலும் நன்செயிலும் ஒரு வாரத்துக்குள் போடாமல், நட்டு 21 நாள் கழித்துப் போடலாம்.