ஃபோல்க்: ‘நாம் மக்கள்’ அல்ல, ‘நாங்கள்தான் மக்கள்’

பெர்லின் சுவர் விழுந்ததைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் ‘நாம் மக்கள்’ என்ற முழக்கமும் கூடவே வந்துவிடுகிறது. தவறான மொழிபெயர்ப்பு இது. 1989 அக்டோபரில் கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் தெருக்களில் எழுந்த முழக்கம் ‘வியர் ஸிண்ட் டஸ் ஃபோல்க்’. அதற்குச் சரியான தமிழ், ‘நாங்கள்தான் மக்கள்’.

‘ஃபோல்க்’ பழைய ஜெர்மனில் கூட்டம், போர்ப்படை. ஆங்கிலத்தின் ‘ஃபோக்’ இதற்கு உறவு. பின்னர் எளிய மக்கள், நாட்டு மக்கள் என்று பொருள் விரிந்தது.

கிழக்கு ஜெர்மன் அரசு எதற்கெடுத்தாலும் இந்தச் சொல்லைத்தான் ஒட்டிவைத்தது. போலீஸ் ‘மக்கள் காவல்துறை’, நாடாளுமன்றம் ‘மக்கள் அவை’, ராணுவம் ‘தேசிய மக்கள் படை’. திங்கட்கிழமைகளில் நிக்கோலாய் தேவாலயத்தில் பிரார்த்தனை முடிந்து ஊர்வலம் போனவர்கள் அந்தப் பெயரைப் பறித்துக்கொண்டார்கள். அக்டோபர் 9 அன்று சுமார் 70,000 பேர் திரண்டார்கள். நீங்கள் யார் பெயரில் ஆள்கிறீர்களோ அந்த மக்கள் நாங்கள்தான் என்பதே அவர்கள் சொன்னது. ‘நாம்’ என்று போட்டால் எதிரே நிற்கும் போலீசும், ஆட்சித் தலைவர் ஹோனக்கரும் அதற்குள் வந்துவிடுவார்கள். நாம், நாங்கள் என்ற பிரிவு ஜெர்மனில் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. நமக்கு இருக்கிறது. இருந்தும் அதைத் தொலைத்துவிட்டு எழுதுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஆங்கிலம் வழியாக மொழிபெயர்ப்பதால் வரும் வினை இது. ‘இந்திய மக்களாகிய நாம்’ என்ற அரசியல் சாசன வரியும் காதில் ஒலிக்கிறதுபோல. அங்கே மக்கள் தமக்குத் தாமே சட்டம் வகுத்துக்கொள்கிறார்கள், அதனால் ‘நாம்’ சரி. இன்னும் சிலர் ‘நாங்களும் மக்கள்தான்’ என்று எழுதுகிறார்கள். அது கெஞ்சல். லைப்சிக்கில் யாரும் கெஞ்சவில்லை.

‘நாம்’ வரவேண்டிய இடமும் உண்டு. அதே அக்டோபர் 9 அன்று, வன்முறை வேண்டாம் என்று போலீசையும் ஊர்வலத்தாரையும் சேர்த்தே கேட்டுக்கொண்ட துண்டறிக்கை ஒன்றில் ‘வியர் ஸிண்ட் ஐன் ஃபோல்க்’ என்று இருந்தது. ‘நாம் ஒரே மக்கள்’. சுவர் திறந்தபின் இரு ஜெர்மனிகளும் இணையவேண்டும் என்றவர்களின் முழக்கமாகவும் இந்த வரி ஆனது. அப்போதும் ‘நாம்’தான்.

இந்த வரியை ‘நாம் ஒரே இனம்’ என்று எழுதுவோரும் உண்டு. இனத்துக்கு ஜெர்மனில் ‘ராஸ’ என்று தனிச்சொல் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கினால் நாஜிகள் செய்த சூது தெரியாமலே போய்விடும். 1933இல் அவர்கள் 76 மார்க் விலைக்குக் கொண்டுவந்த மலிவு வானொலிப் பெட்டியின் பெயர் ‘ஃபோல்க்ஸ்எம்ஃபெங்கர்’, அதாவது மக்கள் வானொலி. எல்லாருக்கும் பழகிய, எல்லாரையும் குறித்த சொல்லை வைத்துக்கொண்டே யூதர்களை அதற்கு வெளியே தள்ளினார்கள். ஆகவே நாஜிக் காலத்தைப் பற்றி எழுதும்போதும் ‘ஃபோல்க்’ வரும் இடத்தில் ‘மக்கள்’ என்றே போடுங்கள். யாரை விலக்கினார்கள் என்பதை அடுத்த வரியில் எழுதிக்கொள்ளலாம்.